கேட்காமல் அழித்த களஞ்சியம்

மே 20, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. மாடித் துணி அத்தனையும் நனைந்துவிட்டது. எடுக்காதது என் தப்பாம். சரோஜா சொல்கிறாள். காயப்போட்டது யார் என்று கேட்கவில்லை. கேட்டால் காபி கிடைக்காது.

செய்ய வேண்டியவை: மூக்குக்கண்ணாடிக் கால் திருகாணி. பிரஷர் மாத்திரை. களஞ்சியம் உதவிப் பக்கத்தில் விண்டோஸ் பகுதி எழுதுவது.

பயனர் குழுவில் ஓசூர்க்காரர் ஒருவர்: "ஐயா, களஞ்சியம் விண்டோஸில் அருமையாக ஓடுகிறது. எத்தனை வருடமாகக் கேட்டோம். நன்றி." திரும்பத் திரும்பப் படித்தேன். அவர்கள் கேட்டது உண்மை. முடியாது என்று ஒரே வரியில் நான் பதில் போட்டதும் உண்மை. களஞ்சியம் என்பது டிவி நிகழ்ச்சியோ, வீட்டுக் கேமராவில் எடுத்ததோ, கம்ப்யூட்டரில் பதிந்து வரிசைப்படுத்தி வைக்க நான் ஒருவனாக எழுதிய மென்பொருள். காலேஜ் வாசல் மிதிக்காதவன், ஃபேக்டரி ஸ்டோரில் நட்டு போல்ட்டு எண்ணிக் கொடுத்தவன், நடைபாதைப் புத்தகங்களைப் படித்து எழுதியது. விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸில் பிறந்தது. லினக்ஸ் கற்றுக்கொள்ள சோம்பேறித்தனம் உள்ளவனுக்கு அது எதற்கு என்றிருந்தேன்.

இறங்கி வந்தது எதிர்வீட்டு நந்தினிக்காக. அவர்கள் வீட்டில் நான் போட்டுக் கொடுத்த பழைய கம்ப்யூட்டர் பிப்ரவரியில் புகைந்து போனது. அவள் அம்மா செல்வி ஹவுஸ்கீப்பிங் வேலை செய்யும் ஆபீசில் கழித்த லேப்டாப் ஒன்றைக் கொடுத்தார்கள். விண்டோஸ். அதில் லினக்ஸ் போட்டுத் தருகிறேன் என்றேன். ஆன்லைன் பரீட்சை எல்லாம் விண்டோஸில்தான் ஓடுமாம். "அப்ப களஞ்சியத்த இதுக்குக் கொண்டாங்க தாத்தா. ஒங்களால முடியாதா?" என்றாள்.

முடியாதா என்று என்னைக் கேட்டால்?

மூன்று மாதம் உட்கார்ந்தேன். விண்டோஸுக்கு ஒன்று, மேக்குக்கு ஒன்று. மேக்கை வைட்ஃபீல்டில் பிரபு சோதித்தான். நன்றாக ஓடியது. பெற்ற மகன், ஒரு வார்த்தை பாராட்ட வாய் வரவில்லை. "விண்டோஸுக்குக் கம்பைல் பண்ணா வார்னிங் கொட்டுதுப்பா. பாத்தீங்களா?" என்றான். நிரலில் சந்தேகமான வரியைக் கண்டால் கம்ப்யூட்டர் தரும் எச்சரிக்கை அது, காட்டாமல் அடக்க எனக்குத் தெரியும். அடக்கினேன்.

மத்தியானம் நந்தினி வந்தாள். குடை இல்லை. முழங்காலில் எலாஸ்டிக் பட்டை.

"தாத்தா, பழைய மேட்ச்லாம் காணோம்."

"சரியாத் தேடிப் பாத்தியா?"

"பாத்துட்டேன் தாத்தா. ஃபைனலே இல்ல."

போய்ப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நந்தினி ஆடும் கால்பந்து ஆட்டங்களை செல்வி கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று கேமராவில் பிடிப்பாள். ஒவ்வொன்றும் களஞ்சியத்தில் தேதி வாரியாக இருக்கும். இப்போது மேல் பாதி வெறுமை. பழையது அத்தனையும் போயிருக்கிறது. புதியது பத்திரம். செல்வியின் ஏழரை மணி சீரியல் ஒரு நாள் விடாமல் இருக்கிறது.

"எதையாவது அமுக்கினியா?"

"நான் இன்னாத்துக்கு தாத்தா அமுக்கப் போறேன்? சும்னே தொறந்தேன், அவ்ளோதான்."

பார்க்கலாம் என்று வந்துவிட்டேன். விண்டோஸ் எதையாவது தின்றிருக்கும். அதன் புத்தி அது.

மாத்திரை வாங்க மறந்தேன்.


மே 21, புதன்

மழை விட்டது. ஈரக் காற்று. முட்டி வலி எனக்கும்.

காலையில் சரோஜா காய்காரரோடு கன்னடத்தில் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது சோதனையை ஆரம்பித்தேன். என் விண்டோஸ் மெஷினில் சில பதிவுகளை வைத்து, அவற்றின் தேதியை இரண்டு வருடம் பின்னால் தள்ளினேன். பிறகு டிவியிலிருந்து புதிதாக ஒன்றைப் பதியச் சொன்னேன்.

கண்ணெதிரே போனது. ஒன்று. சற்று நின்று இன்னொன்று. பிறகு இரண்டு சேர்ந்து.

விண்டோஸ் தின்னவில்லை. களஞ்சியம் தின்றது.

எழுதி வைக்கிறேன், எழுதினால்தான் எனக்குப் புரியும். டிஸ்க்கில் இடம் குறைந்தால் பழைய பதிவை அழித்து இடம் பண்ணுவது களஞ்சியத்தின் வழக்கம். ஒரு மாதத்துக்குள் பதிந்ததைத் தொடாது. அழிக்கும் முன் யாரையும் கேட்காது. கேள்வி கேட்டு ஆளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது என் கொள்கை, பெருமையாக உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். மிச்ச இடத்தைக் குறித்துக்கொள்ள 'லாங்' என்ற வகை எண்ணை வைத்தேன். லினக்ஸில் அது அண்டா. மேக்கிலும் அண்டா. விண்டோஸில் மட்டும் அது டம்ளர். அண்டா நீரை டம்ளரில் ஊற்றினால் வழிந்தது போக நிற்பதுதான் கணக்கில் வரும். டிஸ்க் முக்கால்வாசி காலி. களஞ்சியமோ இடமே இல்லை என்று நினைத்து, பழையதாகப் பார்த்து அழித்துக்கொண்டே வந்திருக்கிறது. செல்வியின் சீரியல் பதிவு தொடங்கும் ஒவ்வொரு மாலையும்.

என் சோதனையில் ஏன் தெரியவில்லை? எல்லாம் புதுப் பதிவு. ஒரு மாதம் ஆகாதது. அதனால் தொடவில்லை.

பிரபு சொன்ன வார்னிங் இதுதான்.

பழைய டிஸ்க் இருந்தால் கவலை இல்லை. புகைந்த கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி, ஆட்டங்களை லேப்டாப்புக்கு மாற்றியவன் நான். மாற்றியதும் அந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்து என் சோதனைக்கு எடுத்துக்கொண்டவனும் நான். சும்மா கிடக்கிறதே என்று.

நந்தினிக்கு மார்க் குறைவு. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில்தான் காலேஜ் சீட். போன சீசன் முழுக்க முட்டி ஜவ்வு கிழிந்து உட்கார்ந்திருந்தாள். அதற்கு முந்தைய சீசன் ஆட்டத்தைக் காட்டு, வீடியோ கொண்டுவா என்று காலேஜ் ஸ்போர்ட்ஸ் சார் கேட்டிருக்கிறார். வரும் திங்கட்கிழமை காட்ட வேண்டும். அந்த சீசன்தான் போனது.

ஒரே வழி. அழித்த பதிவு டிஸ்க்கை விட்டு உடனே போய்விடாது. வேறொன்றை மேலே எழுதும் வரை அடியில் கிடக்கும். ஆகவே லேப்டாப்பை இப்போதே நிறுத்த வேண்டும். இன்று சீரியல் பதியக் கூடாது.

ஏழரைக்கு முன் போய்ச் சொல்லிவிட வேண்டும்.

போகவில்லை. சட்டையை மாட்டினேன், செருப்பைப் போட்டேன். வாசல் வரை போனேன். எதிரே ஜன்னலில் செல்வி வீட்டு விளக்கு. என்ன சொல்வது? ஏன் நிறுத்த வேண்டும் என்று கேட்டால்? சரோஜா "எங்க கெளம்பிட்டீங்க?" என்றாள். "மாத்திரை" என்று சொல்லிக் கடைக்குப் போய் வந்தேன்.

மாத்திரை வாங்கியாகிவிட்டது.


மே 22, வியாழன்

காலையிலேயே போனேன். செல்வி மாலை ஷிப்ட், வீட்டில் இருந்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"லேப்டாப்பைத் தொடாதீங்க. ஆஃப் பண்ணி என்கிட்ட குடுத்துடுங்க. நான் சரி பண்றேன்."

"இன்னா ஆச்சு அங்கிள்?"

வைரஸ் என்றேன். தயாரித்து வைத்துக்கொண்டு போகவில்லை. வாயில் வந்தது. விண்டோஸில் இதெல்லாம் சகஜம், நான்தான் ஆரம்பத்திலேயே லினக்ஸ் போடச் சொன்னேனே என்று வேறு சேர்த்தேன். அவள் தலையை ஆட்டினாள். என்னை நம்பாமல் வேறு யாரை நம்புவாள்? இந்தத் தெருவில் கம்ப்யூட்டர் என்றால் நான்.

வீடு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் எதிரே சத்தம்.

"எதயாவது கண்ட கண்டத எறக்குனியாடி? சொல்லு!"

"அய்யோ நான் ஒண்ணுமே எறக்கலமா!"

"அப்ப வைரஸ் எப்டி வரும்? ஆகாசத்துலேந்து வருமா? தாத்தா பொய் சொல்றாரா?"

பிறகு ஒரு சத்தம். பாத்திரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"போன குடு. குடுடி! சீட் கெடைக்கலன்னு வெச்சுக்க, ஹெப்பகோடில ஒன் சித்தி வேல பாக்குற கம்பெனிக்குப் போ. லைன்ல நின்னு பாட்டில எண்ணு. காலு நல்லா இருக்கும்."

சரோஜா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து, "அந்தப் பொண்ணு அப்டிலாம் பண்ணாதே" என்றாள். நான் பேப்பரைப் படித்தேன். எந்தச் செய்தியும் ஞாபகம் இல்லை.

பதினோரு மணி சுமாருக்கு நந்தினியே லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். துணிப்பையில் போட்டு, மார்போடு அணைத்து. கண் வீங்கியிருந்தது.

"சாரி தாத்தா. ஒங்க சாஃப்ட்வேர நான் கெடுத்துட்டேன்."

நான் "பரவால்லம்மா" என்றேன்.

அந்த ஒரு சொல்லை எப்படிச் சொன்னேன் என்று மத்தியானம் முழுக்க யோசித்தேன். செய்யாததற்கு அவள் மன்னிப்புக் கேட்கிறாள். செய்தவன் பெரிய மனது பண்ணி மன்னிக்கிறான். மேஜையில் இடம் ஒதுக்கி லேப்டாப்பை வைக்கச் சொன்னேன், மோர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

போகும்போது படியில் பிடித்துப் பிடித்து இறங்கினாள்.


மே 23, வெள்ளி

வெயில். நாள் முழுக்க மேஜை.

லேப்டாப்பின் டிஸ்க்கைக் கழற்றி, எழுத முடியாதபடி பூட்டி, படிக்க மட்டும் வைத்தேன். அழிந்த ஃபைலைத் தேடித் தரும் கருவிகள் உண்டு. இலவசம், நல்ல கருவிகள். ஓடவிட்டேன். யாரோ எப்போதோ எடுத்த பவர்பாயிண்ட், ஆபீஸ்காரர்களின் பிறந்தநாள் கேக் படங்கள், எல்லாம் வந்தன. ஆட்டம் ஒன்றுகூட வரவில்லை.

ஏன் வரும்? ஊரெல்லாம் புழங்கும் வீடியோ வகைகளைத்தான் அந்தக் கருவிகளுக்குத் தெரியும். களஞ்சியம் பதிவது என் சொந்த வகையில். ஊரில் உள்ளது மட்டம், நான் செய்வது நேர்த்தி என்று நானே வகுத்தது. உலகத்தில் அதைத் திறக்கக்கூடியது களஞ்சியம் ஒன்றுதான். அதுவும் ஒரு காலத்தில் பெருமை.

என் வகைப் பதிவு ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் வரும் அடையாளத்தை டிஸ்க் முழுக்கத் தேட நானே ஒரு சின்ன நிரல் எழுதினேன். துண்டு துண்டாகக் கிடைக்கிறது. ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் சம்பந்தம் கண்டுபிடிப்பதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது. திங்கட்கிழமைக்குள் தனியாக முடியாது.

சாயங்காலம் பிரபுவுக்கு போன். எடுத்ததும், "மெஷின் போச்சா?" என்றான்.

"இல்ல. ஒரு சந்தேகம்."

நான் சந்தேகம் கேட்டு அவன் கேட்டதே இல்லை. மறுமுனையில் ஆபீஸ் இரைச்சல் நின்றது. எழுந்து வெளியே போயிருப்பான். சொன்னேன். நிறுத்தாமல் கேட்டான்.

"ப்பா, நான் அனுப்புன மெயில்ல அந்த லைன் நம்பரே இருந்துச்சே."

"இருந்தது."

"படிச்சீங்களா?"

வயதாகி மறந்துவிட்டேன் என்று அவன் நினைத்தால் அது பொய். படித்தேன். எனக்குப் பாடம் எடுக்க வந்துவிட்டான் என்று மூடினேன். அதை வாய்விட்டுச் சொல்ல வரவில்லை.

"நாளைக்கு வரேன்" என்றான்.


மே 24, சனி

பிரபு காலையில் வந்தான். மெட்ரோவில் ட்ரினிட்டி ஸ்டேஷன் வரை, அங்கிருந்து ஆட்டோ. ஆட்டோக்காரனோடு மீட்டருக்குச் சண்டை போட்ட கோபம் இன்னும் முகத்தில். சரோஜாவுக்கு அவன் இளைத்துப் போனது மட்டுமே தெரிந்தது.

இருவரும் உட்கார்ந்தோம். என் நிரலை அவன் திருத்த வந்தால் கையைத் தட்டிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தட்டவில்லை. துண்டுகளை நேர வரிசையில் கோர்க்க அவன் வழி சொன்னான், எந்த பைட்டில் நேரம் ஒளிந்திருக்கிறது என்று நான் சொன்னேன். சில மணி நேரம் சண்டை இல்லாமல் போனது. ஒரு இடத்தில் "இது யார் ஐடியாப்பா, நல்லா இருக்கு" என்றான். எனக்கு மகிழ்ச்சி வரவில்லை.

கிடைத்தவை: காலிறுதியின் இரண்டாம் பாதி, சத்தம் இல்லாமல். வேறு இரண்டு ஆட்டங்களில் சில நிமிடங்கள்.

ஃபைனல் கிடைத்தது என்று பிரபு கத்தினான். ஓடி வந்தேன். மைதானம், சிவப்பு மண், நந்தினி டிஃபென்ஸில் வலது ஓரம். எதிரணிப் பெண் பந்தோடு வருகிறாள். நந்தினி நகர்கிறாள். அந்த ஒரு தடுப்புக்குத்தான் தெருவே கத்தியதாகச் சொல்வார்கள், நான் அன்று போகவில்லை. கால் நீள்கிறது. படம் உடைந்து, ஒரு மாமியார் சோபாவில் உட்கார்ந்து மாதுளம்பழம் உரிக்கிறாள்.

சீரியல். ஃபைனலின் மிச்சத்தின் மேல் எழுதப்பட்டிருக்கிறது. பிரபு பதிவுத் தேதியைப் பார்த்தான்.

"இது புதன்கிழமை எபிசோட்ப்பா. நீங்க எப்பக் கண்டுபிடிச்சீங்க?"

"புதன்."

"புதன் எப்ப?"

"காலைல."

அவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். ஜன்னல் பக்கம் போய் நின்றான். திரும்பாமலே, "அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?" என்றான்.

"வைரஸ்னு சொல்லியிருக்கேன்."

சமையலறையில் கரண்டி சத்தம் நின்றது. சரோஜா தோசைக் கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள். கம்ப்யூட்டர் விஷயம் எதுவும் அவளுக்குப் புரியாது என்று நான் நாற்பது வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

"அந்தப் பொண்ணு அடி வாங்குனது ஒங்களுக்காகவா?"

"அடியா?"

"தெருவுக்கே கேட்டுச்சு. ஒங்களுக்குக் கேக்கலயா?"

தோசை தீய்ந்த வாடை.

"நீங்க போறீங்களா, நான் போவட்டுமா?" என்றாள்.

நாளைக்குப் போகிறேன் என்றேன். செல்வி ஷிப்டுக்குப் போய்விட்டாள், அதனால். அதுவும் உண்மைதான்.


மே 25, ஞாயிறு

மேகமூட்டம். மைதானத்தில் விசில் சத்தம் காலையிலிருந்து. செல்வியும் நந்தினியும் இன்று ஆட்டத்துக்குப் போகவில்லை.

எட்டரை மணிக்குப் போனேன். பென்டிரைவ் பையில். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு ஏதாவது பேசிவிடுவேன்.

"வைரஸ் இல்ல. நந்தினி எதுவும் பண்ணல. என் களஞ்சியம்தான் அழிச்சிருக்கு. நான் எழுதுனதுல தப்பு."

செல்வி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை தண்ணீரிலேயே நின்றது.

"அப்ப இவள அறைஞ்சேனே அங்கிள்?"

அரிசிப் பாத்திரத்தைத் தள்ளி வைத்தாள்.

"சத்தியம் பண்ணா அங்கிள் இவ. என் தலமேல கை வெச்சு. நம்பல நான். தாத்தா பொய் சொல்வாரான்னு கேட்டேன்."

நந்தினி அறைக் கதவில் சாய்ந்து நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அம்மாவையும் பார்க்கவில்லை. தரையில் எதையோ கால் விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கிடைத்ததைச் சொன்னேன். கிடைக்காததைச் சொன்னேன். அத்தோடு கிளம்பி வந்துவிடலாம் என்று தோன்றியது. அதற்கு மேல் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி. பிரபுவும் சரோஜாவும் தவிர யாருக்கும் தெரியாது. சொல்லாவிட்டாலும் தெரியப்போவதில்லை.

"புதன்கிழமை காலையே எனக்குத் தெரியும். அன்னிக்கு வந்து நிறுத்தியிருந்தா ஃபைனல் கெடைச்சிருக்கும்."

"புதங்கெழமயேவா?" செல்வி எழுந்துவிட்டாள். "எதிர்வூடு அங்கிள். பத்தடி. பத்தடி தாண்டி வர ஒங்களுக்கு ஒரு நாளா?"

"வெக்கமா இருந்துச்சு."

"ஒங்களுக்கு வெக்கம். அதுக்கு எம்பொண்ணு கன்னமா?"

நந்தினி அப்போதுதான் பேசினாள். "விடும்மா." எனக்காகச் சொல்லவில்லை. அந்தப் பேச்சு முடிந்தால் போதும் என்பதுபோல. என் கையிலிருந்த பென்டிரைவை வாங்கிக்கொண்டாள். "காலிறுதில நான் இன்னா தாத்தா பண்ணேன். பந்தே என்கிட்ட வரல."

செல்வி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே, "நாளைக்குக் காலேஜுக்கு நீங்களும் வரீங்க" என்றாள். "எங்க பொண்ணு மேல தப்பு இல்ல, வீடியோ போனது என்னாலன்னு அந்த சார்கிட்ட ஒங்க வாயால சொல்லுங்க."

வருகிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து குழுவுக்கு அறிவிப்பு எழுதினேன். முதலில் எழுதியது: விண்டோஸ் 'லாங்' வகையைச் சிறியதாக வைத்திருப்பதன் காரணமாக. அழித்தேன். பிறகு: களஞ்சியத்தின் விண்டோஸ் பதிப்பு உங்கள் பழைய பதிவுகளை அழிக்கும். உடனே நிறுத்துங்கள். தவறு என்னுடையது. பதிப்பைத் திரும்பப் பெறுகிறேன்.

ஓசூர்க்காரரிடமிருந்து பதில் இல்லை.


மே 26, திங்கள்

தூறல். பஸ்ஸில் மூவரும். செல்வி ஜன்னல் பக்கம், நந்தினி அவளுக்கு அடுத்து, நான் பின் சீட்டில். டிக்கெட்டை செல்வி எனக்கும் சேர்த்து எடுத்துவிட்டாள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

காலேஜ் வாசலை இந்த வயதில் முதல் முறையாகத் தாண்டினேன், மன்னிப்புக் கேட்க.

ஸ்போர்ட்ஸ் சார் இளவயது. தொப்பி, கழுத்தில் விசில். எனக்குத் தெரிந்த கன்னடத்தில் ஆரம்பித்தேன். மென்பொருள், டிஸ்க், என் தவறு. பாதியில் கையைக் காட்டினார். வீடியோவை அவருடைய கம்ப்யூட்டரில் போடச் சொன்னார். அவருடையது மேக். சாதாரண வகைக்கு மாற்றி வைத்திருந்ததால் ஓடியது. பிரபுவின் யோசனை.

கொஞ்ச நேரம் பார்த்தார். சத்தமில்லாமல் பெண்கள் ஓடினார்கள். நந்தினி தூரத்தில் ஒரு புள்ளி. பந்து எதிர்ப்பக்கமே சுற்றியது. ஃபைனல் துண்டைப் பார்த்தார். கால் நீண்டது, முடிந்தது. மாதுளம்பழத்தை வெட்டி எறிந்திருந்தோம்.

"ஆமேல்?" என்றார். அப்புறம்?

அப்புறம் இல்லை என்றேன்.

நந்தினியைப் பார்த்தார். முழங்கால் பட்டையைப் பார்த்தார். "புதவாரா கிரௌண்டுக்கு பர்லி. ஆட்டா நோடோணா." புதன்கிழமை வரட்டும், ஆடுவதைப் பார்ப்போம் என்று.

டாக்டர் இன்னும் ஒரு மாதம் ஆடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். செல்வி அதைச் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் நந்தினி, "பர்தீனி சார்" என்றாள். வருகிறேன்.

வெளியே வந்து மரத்தடியில் செல்வி அழுதாள். நந்தினி ஷூ லேசைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஃபைனல் முழுசாக இருந்திருந்தால் அவள் அந்தக் காலோடு இறங்க வேண்டியதில்லை. மூவருக்கும் தெரியும்.

பஸ் ஸ்டாப்பில் செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "புதங்கெழம நீங்க கேமரா புடிங்க. நான் பாக்க மாட்டேன்" என்றாள். "முழுசா புடிங்க. ஒரு நிமிஷம் வுடக் கூடாது."


மே 28, புதன்

மழை வரும்போலவே இருந்து வரவில்லை. மைதானம் ஈரம். வழுக்கும்.

கொண்டுபோனவை: செல்வியின் கேமரா. முழு சார்ஜ். கார்டு இரண்டு. குடை. சரோஜா கட்டிக் கொடுத்த இட்லி, யாரும் தின்னவில்லை.

கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றேன், செல்வி எப்போதும் நிற்கும் இடம் அதுதானாம். அவள் எனக்குப் பின்னால் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றாள். சத்தம் வரும்போதெல்லாம், "இன்னா ஆச்சு? அவளா?" என்று கேட்டாள். "இல்ல, வேற பொண்ணு." "இப்ப?" "நந்தினிதான். பந்த எடுத்துட்டா." "கீழ வுழுந்தாளா?" "இல்ல." எனக்குக் கால்பந்து தெரியாது. ஆனால் எதிரே வரும் பெண்கள் நந்தினி இருக்கும் பக்கத்தை விட்டு மெல்ல மெல்ல விலகி மறுபக்கம் போக ஆரம்பித்தது கேமராவில் தெரிந்தது. ஸ்போர்ட்ஸ் சார் அதைப் பார்த்தாரா என்று கேமராவைத் திருப்பிப் பார்க்க ஆசை. திருப்பவில்லை. அவள் மேலேயே வைத்திருந்தேன்.

இடைவேளைக்குப் பிறகு ஒரு பந்துக்குத் திரும்பியவள் அப்படியே நின்றாள். உட்காரவில்லை, விழவில்லை. கையைத் தூக்கினாள். இரண்டு பெண்கள் தோள் கொடுத்து வெளியே கூட்டிவந்தார்கள். நான் பிடித்துக்கொண்டே இருந்தேன். செல்வி கேள்வி கேட்கவில்லை. சத்தம் அடங்கியதிலேயே புரிந்திருக்கும். ஓடினாள்.

மத்தியானம் லிஸ்ட் ஒட்டினார்கள். தேர்வில் இல்லை. காத்திருப்போர் வரிசையில் இரண்டாவது பெயர். யாராவது இருவர் வேறு காலேஜுக்குப் போனால் சீட். ஒரு வாரம் பார்க்க வேண்டும். "ஆட்டா சென்னாகிதே, காலுதான்" என்று ஆட்டம் நன்றாக இருப்பதாகச் சார் செல்வியிடம் பாதிக் கன்னடமும் பாதித் தமிழுமாகச் சொல்லியிருக்கிறார். ஹெப்பகோடி சித்தி இரண்டு முறை போன் செய்துவிட்டாளாம்.

வீட்டுக்கு வந்ததும் கேமராவிலிருந்து எடுத்தேன். களஞ்சியத்தைத் திறக்கவில்லை. சாதாரண வகையில், ஊரெல்லாம் புழங்கும் அதில். செல்விக்கு ஒரு பிரதி, பிரபுவுக்கு ஒன்று, இங்கே ஒன்று.

சாயங்காலம் கொண்டுபோனேன். நந்தினி கட்டிலில், முட்டிக்கு அடியில் தலையணை, மேலே ஐஸ் கட்டி வைத்த துணி. செல்வி ஷிப்டுக்குப் போகவில்லை. என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள், அவ்வளவுதான். நாற்காலி போடவில்லை.

"இது எதுல ஓடும் தாத்தா?"

"எதுல வேணாலும் ஓடும்."

"ஒங்க களஞ்சியம் வேணாமா?"

"வேணாம்."

போன் திரும்பக் கிடைத்திருக்கிறது. அதில் போட்டாள். ஓடியது. படுத்தபடி பார்த்தாள். நான் நின்றபடி பார்த்தேன். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் எதிரணி மறுபக்கம் விலகும் இடத்தில் "தோ, பயந்துட்டாளுங்க" என்றாள். பிறகு அந்த இடம் வந்தது. நிற்கிறாள். கையைத் தூக்குகிறாள். இரண்டு பெண்களின் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டு கேமராவை நோக்கி வருகிறாள். படம் ஒரு இடத்தில்கூட அசையவில்லை.

"இது எதுக்கு தாத்தா? இத மட்டும் அழிச்சுடுங்க."

"நீயே அழி" என்றேன். "நான் கை வெக்க மாட்டேன்."

விரலைத் திரையில் வைத்தாள். எடுத்தாள். முதலிலிருந்து திரும்ப ஓடவிட்டாள்.